வேகம் வேண்டாம், பிடிமானம் போதும்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று, வாசலில் நிற்கும் கார். மற்றொன்று, டிவி மேசைக்குக் கீழே நிற்கும் பிக்கப். இந்த இரண்டாவது வண்டியின் நீளம் ஏறக்குறைய ஒரு முழம். எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழு வேகத்தில் விட்டாலும் வேகமாக நடக்கும் ஓர் ஆளை முந்தாது. ஆனால், ஆற்றங்கரைப் பாறையில் ஆடு ஏறுவதுபோல் ஏறும்.

ரிமோட்டில் ஓடும் வண்டி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பசார் மாலாமில் விற்கும் விளையாட்டுக் கார்தான். முதல் நாள் சுவரில் மோதும். இரண்டாம் நாள் சக்கரம் கழன்றுவிடும். மூன்றாம் நாள் பிள்ளை அதைத் தேடவே மாட்டான். நான் சொல்வது அந்த வகை அல்ல. நிஜப் பிக்கப்பைப்போல் சேசிஸ், கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்பிரிங், அப்சார்பர் எல்லாம் உள்ள வண்டி. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றலாம், மாற்றலாம், பழுது பார்க்கலாம். இதை ஓட்டுபவர்கள் 'க்ராலர்' என்பார்கள். ஊர்ந்து போகும் வண்டி என்று பொருள்.

இந்தப் பொழுதுபோக்கில் நான் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எவ்வளவு செலவழித்தேன், எதை உடைத்தேன், எதைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதியபோது அப்பா உள்ளே வந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு இந்த வண்டியைப் பற்றி எழுத முடியாது.

பத்தில் ஒன்று

என் வண்டி பத்தில் ஒரு அளவு கொண்டது. அதாவது நிஜ வண்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தால் வகுத்துச் செய்தது. மூன்றையும் வகுப்பதால் எடை பத்தில் ஒன்றாகக் குறையாது; ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். இரண்டு டன் பிக்கப் இரண்டு கிலோ ஆகும். க்ராலர்கள் பெரும்பாலும் இந்த எடையை ஒட்டியே இருப்பது ஒரு சுவாரசியம். என் வண்டி இரண்டு கிலோவைத் தாண்டியதற்குக் காரணம் நான் பின்னால் சேர்த்த பித்தளை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இது புதிய பொழுதுபோக்கும் அல்ல. ஜப்பானின் தமியா நிறுவனம் 1981லேயே டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைப் பத்தில் ஒரு அளவில் செய்து விற்றது. அதில் மூன்று கியர்களை ரிமோட்டிலேயே மாற்றலாம். 1985இல் அதன் தம்பியாக 'புரூசர்' வந்தது. அந்தக் கால வண்டிமீது இருந்த ஆசை குறையாததால் 2012இல் புரூசரை மறுபடியும் வெளியிட்டார்கள். 2017இல் அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் கொண்டு வந்த 'டிஆர்எக்ஸ்-4' வண்டியில், சக்கரத்துக்கு அருகிலேயே ஒரு ஜோடி கியர் வைத்து ஆக்சிலைத் தரையிலிருந்து உயர்த்தியிருந்தார்கள். மெர்சிடிஸ் உனிமோக் என்ற நிஜக் காட்டு லோரியில் உள்ள அதே ஏற்பாடு.

காட்டு வண்டி ஓட்டம் நமக்கு அந்நியமானதும் அல்ல. 1993இல் கேமல் டிராபி பயணம் சபா காடுகளில் நடந்தது. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியோ, வேண்டுமென்றே மழைக்காலமாகப் பார்த்து நம் நாட்டில் நடத்தப்படும் போட்டி. அந்த வண்டிகளை வாங்க எனக்கு வசதி இல்லை. புதைந்த வண்டியை நடுக்காட்டில் வின்ச் போட்டு இழுக்க நேரமும் இல்லை. பத்தில் ஒன்று என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாய் ஓரமே காடாகிவிடும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பட்டறை

என் வண்டி கட்டிய நிலையில் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் எழுத்துக் குறியிட்ட பைகள், தடித்த விளக்கப் புத்தகம், இரண்டு கைப்பிடி அளவு ஸ்குரூ. மோட்டார், சர்வோ, ரிமோட், பேட்டரி எல்லாம் தனி. கடைக்காரர் "ஒரு வாரம் போதும்" என்றார். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. மகளின் வீட்டுப்பாடம் முடிந்து, சாப்பாட்டு மேசை எனக்குக் கிடைக்கும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும்.

முதலில் கட்டியது ஆக்சில். சாதாரணக் காரில் திரும்பும்போது இரண்டு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் உதவுகிறது. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், அது மட்டும் வீணாகச் சுற்றும், வண்டி நகராது. அதனால் க்ராலரில் இடதையும் வலதையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறார்கள். திரும்புவதற்குக் கூடுதல் இடம் வேண்டியிருக்கும். ஆனால், ஒரு சக்கரம் தூக்கினாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது மோட்டாரின் சிறு கியரையும் பெரிய கியரையும் சேர்ப்பது. இறுக்கமாக வைத்தால் மோட்டார் சூடாகும். தளர்வாக வைத்தால் பல் உடையும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சாதாரணத் தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, அழுத்திப் பிடித்து ஸ்குரூவை இறுக்க வேண்டும். பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால், தாளின் கனம் அளவுக்கு இடைவெளி நிற்கும். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வந்தால் சரி.

உலோகத்தில் போகும் ஸ்குரூவுக்கு ஒரு துளி ஸ்குரூப் பசை விட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கில் போகும் ஸ்குரூவுக்கு அதைப் போடக் கூடாது. அப்சார்பரில் எண்ணெய் ஊற்றியதும் மூடிவிடக் கூடாது. பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, காற்றுக் குமிழிகள் எல்லாம் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் எனக்குக் கஷ்டம். நான்கில் இரண்டை இரண்டு முறை கழற்றிக் கட்டினேன்.

மேல்பாடி, கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பாலிகார்பனேட். இதற்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் கல்லில் உரசினாலும் நிறம் போகாது. பாலிகார்பனேட்டுக்கென்றே பெயிண்ட் விற்கிறார்கள். நான் சிக்கனம் பார்த்து வீட்டில் கிடந்த சாதாரண ஸ்பிரேயை அடித்தேன். வண்டி இரண்டாம் முறை கவிழ்ந்தபோதே அது செதில் செதிலாக உரிந்தது. மறுபடி ஒரு பாடி வாங்கி, ஜன்னல்களுக்கு மகள் டேப் ஒட்டித் தர, அவள் சொன்ன பச்சை நிறத்தையே அடித்தேன்.

அதுவரை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, காய வைத்த பாடியைப் பார்த்து, "நம்ம தோட்டத்து லோரி கலரு" என்றார்.

"தலை கனம் ஜாஸ்தி"

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 27 ஆண்டுகள் லோரி ஓட்டியவர். மழைக்காலத்தில் குலை ஏற்றிய லோரியைச் செம்மண் பாதையில் புதையாமல் கொண்டு வந்து சேர்ப்பதுதான் அவர் வேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. இடது கை முழுதாகத் திரும்பவில்லை. இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் கார் சாவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியவன் நான்.

அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் காரில் ஏறும்போதெல்லாம் பின் இருக்கையில்தான் உட்கார்வார். "முன்னால உக்காந்தா கால் தானா பிரேக்கைத் தேடுது" என்று ஒருநாள் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

வண்டி கட்டி முடிந்த அந்த ஞாயிறு காலை, கால்வாய் ஓரத்தில் கற்களை அடுக்கி முதல் ஏற்றம் போட்டேன். பாதி ஏறியதும் முன் சக்கரம் தூக்கி, பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. சிறிய வண்டி உருளும்போது நிஜ வண்டியைவிட மூன்று மடங்கு வேகமாக உருள்வதுபோல் தெரியும். பிடிக்க முயல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் முறை விழுந்ததும் சொன்னார்: "தம்பி, இதுக்குத் தலை கனம் ஜாஸ்தி. பின் கனமும் ஜாஸ்தி. பேட்டரிய எங்க வச்சிருக்க?"

பேட்டரி நடுவில், உயரமான ஒரு தட்டில் இருந்தது. வண்டியிலேயே கனமான பொருள்களில் ஒன்று அது. அதைக் கழற்றி முன் ஆக்சிலுக்கு மேலே, தாழ்வாக வைத்துக் கட்டினேன். ஒரு காசு செலவில்லை. அதே கல்லில் அடுத்த முறையே ஏறியது.

"குலை ஏத்தறப்பவும் அப்படித்தான். கனத்த அடியில போடணும்" என்றார் அப்பா. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் எனக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தது அன்றுதான்.

பணத்தை எங்கே போடுவது?

வண்டியை மாற்றி அமைப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் போதை இருக்கிறது. பணம் கரைவதும் அங்கேதான். நான் செய்த முதல் தவறு, சக்தியைக் கூட்டியது. இரண்டு செல் பேட்டரிக்குப் பதிலாக மூன்று செல் போட்டேன். 7.4 வோல்ட், 11.1 வோல்ட் ஆயிற்று. வண்டி சீறியது. மூன்றாம் நாள் ஒரு பாறை இடுக்கில் சக்கரம் சிக்கியிருக்க, நான் விசையை அழுத்த, பின் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கி உடைந்தது. ஏறாத கல் அப்போதும் ஏறவில்லை.

அப்பா உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "டயர் வழுக்குது. நீ இஞ்சினைப் பெருசாக்குற" என்றார்.

அதன் பிறகுதான் சரியான வரிசை புரிந்தது. முதலில் டயர். க்ராலர் டயரில் காற்று அடிப்பதில்லை. உள்ளே ஒரு நுரைப்பஞ்சு வளையம் இருக்கும். ரப்பர் மென்மையாக இருந்தால் கல்லின் மேடுபள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். பஞ்சு கெட்டியாக இருந்தால் நல்ல ரப்பரும் பயன்படாது. டயரும் பஞ்சும் மாற்றியதில் கிடைத்த வித்தியாசம் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது பித்தளை. முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக்குப் பதிலாகப் பித்தளைப் பாகங்கள் போட்டேன். எடையை எங்கு வேண்டுமானாலும் ஏற்றக் கூடாது. ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். மேட்டில் ஏறும்போது பாரம் தானாகப் பின்னால் போகும் என்பதால், அதை ஈடுகட்ட முன்பக்கம் கனம் வேண்டும்.

மூன்றாவது, சர்வோ. ஸ்டீரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார் இது. கல்லுக்கு நடுவே மாட்டிய சக்கரத்தைத் திருப்பப் பலம் வேண்டும். மலிவான சர்வோவின் பிளாஸ்டிக் பல் முதல் மாதத்திலேயே போய்விட்டது. உலோகப் பல் உள்ளதை முதலிலேயே வாங்கியிருந்தால் ஒரு செலவு மிச்சம்.

மோட்டாரை மட்டும் நான் மாற்றவில்லை. 35 சுற்று மோட்டார் அது. கம்பிச் சுற்று கூடக் கூட வேகம் குறையும், நிதானமான இழுவை கூடும். க்ராலருக்கு வேண்டியதும் அதுதான்.

ஓட்டுவது தனிக் கலை

விசையை விட்டதும் சாதாரண ரிமோட் கார் உருண்டுகொண்டே போகும். க்ராலரில் விசையை விட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், செங்குத்தான இறக்கமாக இருந்தாலும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் அதற்கு ஓர் அமைப்பு உண்டு. அதை முழு அளவில் வைத்துவிட்டால், ஓட்டுபவர் யோசிக்க நேரம் கிடைக்கும். ஓட்டம் முழுக்க யோசனைதான்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் ஓட்ட, அப்பா நாற்காலியிலிருந்து சொல்வார். அவர் சொன்னவற்றை மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

"கல்லுக்கு நடுவுல போகாத. சக்கரத்தக் கல்லு மேல வை." கல்லை வயிற்றுக்கு அடியில் விட்டால் ஆக்சில் மாட்டிக்கொள்ளும். சக்கரம் கல்லின் மேல் ஏறினால் வயிறும் சேர்ந்து உயரும்.

"முன் சக்கரத்த மட்டும் பாக்காத. பின் சக்கரம் எங்க வரும்னு பாரு." திரும்பும்போது பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரம் தப்பித்த கல்லில் பின் சக்கரம் மாட்டும்.

"நின்னுட்டா முறுக்காத. பின்னால வந்து வேற வழி பாரு." இதைக் கேட்காமல்தான் நான் டிரைவ் ஷாஃப்டை உடைத்தேன்.

அந்த ஞாயிறுகளில் பக்கத்து வீட்டுப் பையன்களும் வந்து நின்றார்கள். எல்லாரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் ரிமோட்டைத் தொடவில்லை. அவருக்கு விருப்பமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் இடது கை

ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது வீட்டின் பின்பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா தனியாக நின்று ஓட்ட முயன்றுகொண்டிருந்தார்.

க்ராலருக்கு வரும் ரிமோட் பெரும்பாலும் துப்பாக்கி வடிவில் இருக்கும். இடது கையில் பிடித்து, ஆள்காட்டி விரலால் விசையை அழுத்த வேண்டும். வலது கையால் பக்கவாட்டில் இருக்கும் சிறு ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். அப்பாவின் இடது விரல்களால் விசையை மெல்ல அழுத்த முடியாது. ஒன்றுமே அழுந்தாது, அல்லது ஒரேயடியாக அழுந்திவிடும். வண்டி துள்ளிப் போய்ச் சுவரில் மோதியது. மறுபடி துள்ளியது. மூன்றாம் முறை ரிமோட்டே கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, துடைத்து, வண்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அப்பா வெளியே வரவில்லை. "வெயிலு" என்றார்.

சாவியை வாங்கியபோது எனக்கு ஒரு நியாயம் இருந்தது. சாலையில் மற்றவர்கள் உயிரும் இருக்கிறது. ஆனால் இந்த வண்டியை அவரிடமிருந்து பறிக்க ஒரு நியாயமும் இல்லை. பித்தளைக்கும் டயருக்கும் அவ்வளவு செலவு செய்தவன், யார் கையில் பிடிக்கப் போகிறார்கள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

ஒரே கையில்

வழி மிக எளிதாக இருந்தது. சிறு விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஓட்டுபவர்கள் வேறு வகை ரிமோட் வைத்திருப்பார்கள். பெட்டி வடிவில், இரண்டு குச்சிகளோடு இருக்கும். அதில் வலதுபக்கக் குச்சி மேலும் கீழும் போகும், இடமும் வலமும் போகும். விட்டால் நடுவுக்கு வந்துவிடும். அந்த ஒரே குச்சியில் விசையையும் ஸ்டீரிங்கையும் சேர்த்துவிட்டால் இடது கையே தேவையில்லை.

அப்படி ஒரு ரிமோட்டை, பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் 120 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வண்டியில் இருந்த ரிசீவரை எடுத்துவிட்டு, புது ரிமோட்டோடு வந்த ரிசீவரை வைத்து இரண்டையும் இணைத்தேன். ஸ்டீரிங் சர்வோ முதல் சானலில், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டாம் சானலில். குச்சியின் நடு எது, மேல் எது, கீழ் எது என்று வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் குச்சியை முன்னால் தள்ளினால் வண்டி பின்னால் போனது. ரிமோட்டில் அந்தத் திசையைத் திருப்பிவிட்டேன். உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். குச்சி நடுவுக்கு அருகில் இருக்கும்போது சிறு அசைவுக்குச் சிறு பதில் மட்டும் கிடைக்கும்படி வைத்தேன். சிக்னல் அறுந்தால் வண்டி தானாக நிற்கும்படியும் அமைத்துச் சோதித்தேன். புதிதாக ஓட்டும் யாருக்கும் இது அவசியம்.

கடைசியில் ஒரு கழுத்து வார். ரிமோட் மார்புக்குக் கீழே தொங்கும். கனம் வாரில் இருக்கும், இடது கை சும்மா அதன்மேல் இருந்தால் போதும்.

அதை அப்பாவிடம் கொடுக்கத்தான் எனக்குத் தயக்கம். கொடுக்கும் விதம் தவறினால் மறுபடி "வெயிலு" என்றுவிடுவார். நான் வாய் திறக்குமுன் மகள் கொண்டுபோய்த் தாத்தாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "தாத்தா, இது உங்களுக்குச் செஞ்சது. அப்பாவுக்கு இதுல ஓட்டத் தெரியாது."

அவள் சொன்னது உண்மை. எனக்கு ஒற்றைக் குச்சியில் இன்றும் சரியாக வராது. அப்பா ஒரு மணி நேரம் சமதரையிலேயே ஓட்டினார். முன்னால், பின்னால், ஒரு செருப்பைச் சுற்றி வலமாக, இடமாக. பிறகு கல் பக்கம் போனார். நான் வழக்கமாகக் கவிழும் அந்த ஏற்றத்தில் வண்டி நின்றது. அவர் முறுக்கவில்லை. பின்னால் வந்து, இரண்டு விரற்கடை தள்ளி வேறு வழியில் ஏற்றினார்.

இது மருத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் இடது கை அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறு மட்டும் மாறியிருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

அக்கம்பக்கத்தில் பலர் என்னிடம் கேட்பதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். என் பெட்டி, மோட்டார், ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து முதல் செலவு 1,700 ரிங்கிட் ஆயிற்று. அவ்வளவு போட மனமில்லை என்றால் இருபத்து நான்கில் ஒரு அளவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வண்டிகள் கிடைக்கின்றன. விலை குறைவு, வீட்டுக்குள்ளேயே புத்தகங்களை அடுக்கி ஓட்டலாம். கட்டிய வண்டியாகவும் வாங்கலாம். ஆனால் நீங்களே கட்டினால், உடையும்போது எங்கே கழற்றுவது என்று தெரிந்திருக்கும். உடையாமல் இருக்காது.

ஸ்குரூத் திருப்பிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் அலன் கீ தரமாக இருந்தால் ஸ்குரூத் தலை தேயாது.

லிப்போ பேட்டரியிடம் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடிக்காத பையில் வைத்துச் சார்ஜ் செய்வது நல்லது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வாரம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும்; நல்ல சார்ஜரில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். உப்பிய பேட்டரியை மறுபடி தொடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டில் பெரியவர் இருந்தால், பிள்ளை இருந்தால், ரிமோட் வாங்குமுன் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். நான் அதைக் கடைசியில் செய்தேன்.

ஆற்றங்கரையில் ஒரு காலை

சென்ற பள்ளி விடுமுறையில் உலு லங்காட், சுங்கை சொங்காக் போனோம். காட்டு நிழல், வழவழப்பான பெரிய பாறைகள், முழங்காலளவு நீர். பத்தில் ஒன்று அளவில் பார்த்தால் அது ஒரு மலைத்தொடர். போகுமுன் வானிலை பார்த்தோம். மேல்மலையில் மழை பெய்தால் மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு வரும். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடித்துக்கொண்டிருந்தாலும் வரும். நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ உடனே கரையேற வேண்டும் என்று மகளிடம் முதலிலேயே சொல்லி வைத்தோம்.

அப்பா கரையில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்து ஓட்டினார். ஓரிடத்தில் மணலில் நான்கு சக்கரமும் புதைந்தன. எடுத்துத் தர நான் எழுந்தேன். "நில்லு" என்றார். சட்டைப் பையிலிருந்து ஐஸ்கிரீம் குச்சிகளை நூலால் கோத்துச் செய்த இரண்டு சிறிய பலகைகளை எடுத்து மகளிடம் கொடுத்தார். எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கையால் எப்படிச் செய்தார் என்றும் தெரியாது. "முன் சக்கரத்துக்கு அடியில வை பாப்பா. தோட்டத்துல நாங்க மட்டைய வெட்டிப் போடுவோம்." மகள் வைத்தாள். வண்டி மெல்ல ஏறி வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீரில் இறங்கிய வண்டிக்கு வேலை இருக்கிறது. டயரில் புகுந்த நீரைப் பிழிந்து, பாகங்களைத் துடைத்து, காற்றில் உலர்த்தி, பேரிங்குகளுக்குத் துளி எண்ணெய் விட வேண்டும். ஆக்சிலைத் திறந்து, நீர் புகுந்திருந்தால் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். ஆற்றுக்குப் போகுமுன்பும் வெளியே வழியும் கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் போகிறோம். நாம் விளையாடும் நீரில் மற்றவர்கள் குளிக்கிறார்கள்.

ஆனால் அன்று எனக்கு மறக்காதது வேறு. கிளம்பும்போது வண்டியைத் துணியில் சுற்றிப் பின் இருக்கையில் வைத்தேன். சேறு படாமல் இருக்கட்டும் என்று மகளும் அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அப்பா ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றி வந்து முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையால் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

மலைச்சாலையின் முதல் வளைவிலேயே சொன்னார்: "கியரக் குறை தம்பி. பிரேக்க மட்டும் நம்பாத."

குறைத்தேன்.